இசைச் செல்வம் காத்தல்

வையை ஆற்றைப் பாடும் பழந்தமிழ் நூல்களுள் பரிபாடல் தலைசிறந்தது. எட்டுத்தொகையுள் ஒன்றாகிய இந்நூல், இசையோடு பாடுதற்கென்றே இயற்றப்பெற்றது. பாடலை இயற்றிய புலவர், இசை வகுத்தவர், பண் ஆகிய மூன்றும் பெரும்பாலான பாடல்களின் இறுதியில் குறிக்கப்பட்டுள்ளன. பதினோராம் பாடலை இயற்றியவர் ஆசிரியன் நல்லந்துவனார்; இசை வகுத்தவர் நாகனார்; பண் பாலையாழ். இத்துணைக் கருத்தோடு தொகுக்கப்பெற்ற இசைத்தொகுதி நம்மிடம் முழுமையாக உள்ளதோ எனின், இல்லை. பழைய வெண்பா ஒன்று கூறும் கணக்கின்படி பரிபாடல்கள் 70. அவற்றுள் வையைக்கு உரியவை 26. இன்று நூலில் முழுமையாக உள்ளவை 22. வையைப் பாடல்களோ எட்டே. ஏனைய எங்கே? படியெடுப்பார் இன்மையால் ஏடுகளோடு மடிந்தன.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் சிதைந்த ஏடுகளை ஒப்புநோக்கி, 1918ஆம் ஆண்டில் இந்நூலைப் பதிப்பித்தார். தொல்காப்பிய உரைகளிலும், புறத்திரட்டு என்னும் தொகை நூலிலும் மேற்கோளாகக் கிடந்தவற்றால் இழந்த பகுதிகளிற் சில மீண்டன. ஓரிடத்தில் அழிந்தது மற்றோரிடத்தில் இருந்தமையாலன்றோ அது கிடைத்தது? இதனை மாணவர்கள் நெஞ்சிற் பதித்தல் வேண்டும். நாகனார் வகுத்த இசையோ மீளவேயில்லை. அக்காலத்தில் ஒலியைப் பதியும் கருவி இல்லை.

நம் காலத்தில் அக்கருவி ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. எனினும் இழப்பு நின்றபாடில்லை. என் இல்லத்தில் நிகழ்ந்ததையே கூறுகின்றேன். என் தந்தையார் நாள்தோறும் தேவாரம் ஓதுவார். அவர் குரலை 1984ஆம் ஆண்டில் ஒலிநாடாவிற் பதிந்து வைத்தேன். நாடாவில் பூஞ்சணம் பற்றியபோது, அதனைக் கணினிக் கோப்புகளாக மாற்றி, ஒரு நினைவட்டையிற் சேர்த்தோம். இனி அச்சமில்லை எனக் கருதி நாடாவை எறிந்துவிட்டேன். என் பேரன் ஒருநாள் அவ்வட்டையில் இடம் வேண்டி, அறியாமல் அக்கோப்புகளை அழித்தான். பின்பு அழகர் வைகையில் இறங்கும் விழாவினை அவ்வட்டையிலேயே படம் பிடித்தான். வினை அறிந்த ஒருவர் முயன்று பெரும்பகுதியை மீட்டுத் தந்தார். ஆயினும் ஒரு பதிகத்தின் பிற்பகுதி மட்டும் கிடைக்கவில்லை. பேரன்மேற் குற்றமில்லை; ஒரே படியை நம்பியிருந்த குற்றம் என்னுடையதே.

அழித்த கோப்பு மீளுமாறு எங்ஙனம்? நூலகம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நூற்பட்டியலில் ஒரு நூலின் பெயரை அடித்துவிடினும், நூல் அலமாரியிலேயே இருக்கும். அவ்விடம் வெறுமை எனக் கருதி வேறு நூலை அங்கு வைக்கும்போதுதான் பழைய நூல் அகற்றப்படும். நினைவட்டையிலும் வன்தட்டிலும் கோப்பை அழிக்குங்கால் பொதுவாக அதன் பட்டியற் குறிப்பே நீங்குகின்றது. உள்ளடக்கம், அதன்மேற் புதியது எழுதப்படும் வரை கிடக்கும். ஆதலின், தவறுதலாக அழித்தவர் உடனே அக்கருவியைப் பயன்படுத்துதலை நிறுத்தல் வேண்டும். மீட்கும் மென்பொருளைக் கொண்டு தேடி, கிடைத்தவற்றை வேறொரு கருவியிலேயே சேமித்தல் வேண்டும். எங்கள் அட்டையில் விழாப் படங்கள் பதிகத்தின்மேல் எழுதப்பட்டமையால், அப்பகுதி ஒழிந்தது. புதிய கணினிகளில் உள்ள அசையும் உறுப்பில்லா நினைவகங்கள், அழித்த பகுதியை விரைவில் தாமே வெறுமையாக்கிவிடுவதும் உண்டு. அங்கு மீட்புக்கு வழி அரிது.

எனவே மீட்டலினும் காத்தலே சிறந்தது. காக்கும் முறையை அறிஞர் மூன்று, இரண்டு, ஒன்று என எண்ணிட்டுக் கூறுவர். படிகள் மூன்று இருத்தல் வேண்டும். அவை இருவேறு வகைக் கருவிகளில் இருத்தல் வேண்டும். ஒன்றேனும் வேறு இடத்தில் இருத்தல் வேண்டும். ஒரே கணினியில் ஒரு கோப்பை இருமுறை வைத்தல் இரண்டு படி ஆகாது. கணினி கெடின் இரண்டும் கெடும். ஒரே வீட்டில் உள்ளவை வெள்ளத்திலோ தீயிலோ ஒருங்கே அழியலாம். வெளியூரில் வாழும் உறவினர் இல்லமோ, இணையவழிச் சேமிப்பகமோ மூன்றாம் படிக்கு இடமாகும். கைப்பேசியில் ஒன்றை அழித்தால் தன்னிடத்தும் உடன் அழிக்கும் இணையச் சேமிப்பும் உண்டு. அது நிழல் போன்றது. அதனைக் காப்புப்படி எனக் கொள்ளற்க.

எக்கருவியும் நிலையானதன்று. வன்தட்டின் சுழலும் உறுப்புகள் தேயும். பதிவு செய்யும் குறுந்தகட்டின் சாயம் வெயிலிலும் வெப்பத்திலும் மங்கும். மதுரையின் கோடையில் இதனைச் சொல்லவும் வேண்டுமோ? நினைவட்டையிற் பொதிந்த மின்னூட்டம், நெடுநாள் பயன்படுத்தாதிருப்பின் மெல்லக் கசியும். பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டிற் படியெடுத்த நம் முன்னோரைப் போல, நாமும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய கருவிக்கு மாற்றுதல் கடன். மாற்றிய பின் படியைத் திறந்து கேட்டுப் பார்த்தல் வேண்டும். பிழைபட்ட படியை வைத்திருத்தல், பதரை விதைநெல் என்று குதிரில் இட்டு வைத்தலை ஒக்கும்.

மற்றுமொன்று உண்டு. பாடியவர் யார், பண் எது, பதிந்த நாளும் இடமும் எவை என்பவற்றைக் கோப்போடு எழுதி வைத்தல் வேண்டும். பரிபாடலைத் தொகுத்தோர் அவ்வாறு செய்தமையாலன்றோ, இசை மறைந்தும் நாகனார் பெயர் மறையவில்லை!

மாணவர்களே! உங்கள் இல்லத்து முதியோர் பாடும் தாலாட்டும், நடவுப் பாட்டும், கும்மியும் அச்சேறாதவையாக இருக்கலாம். அவர்தம் குரலைப் பதிந்து, பெயர் எழுதி, மூன்று படி எடுத்து வையுங்கள். என் தந்தையார் குரலில் அப்பதிகத்தின் முற்பகுதியை இன்றும் கேட்கின்றேன். அது பாதியில் நின்றவுடன் வரும் அமைதியை நீங்கள் கேட்க நேராதிருப்பதாக.