பாபநாசத்து அருவியும் பாரிஸ் ராஜாவின் கோட்டும்

மாப்பிள்ளை அழைப்பு நடக்கிறது. திருநெல்வேலி ரத வீதியில் நாதஸ்வரம் முழங்குகிறது. நேற்று வரை வேட்டி கட்டித் திரிந்த மாப்பிள்ளை, இன்று கோட்டும் சூட்டுமாகக் காரில் உட்கார்ந்திருக்கிறார்.

நெல்லை வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளைக்கு வியர்த்து ஊற்றுகிறது. கைக்குட்டை நனைந்துவிட்டது. ஆனாலும் கோட்டைக் கழற்ற மனம் வருமா? பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியது ஆயிற்றே!

கோட்டின் உட்பக்கம் சின்னத் துணிச் சீட்டு ஒன்று தைத்திருக்கிறது. அதில் "லூயி பிலிப்" என்ற பெயர். கூடவே ஒரு ராஜ முத்திரை.

"பாரிஸ் சரக்குல்லா, அண்ணாச்சி!" என்று மாமனார் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக் கொள்கிறார்.

பாரிஸும் இல்லை, லண்டனும் இல்லை. அந்தப் பெயரில் முதன் முதலாகச் சட்டை விற்பனைக்கு வந்தது 1989-ல், நம் நாட்டிலேதான். விற்ற கம்பெனியின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், அது மாப்பிள்ளையின் கார் நிற்கும் இடத்திலிருந்து மேற்கே சுமார் 50 கிலோ மீட்டர் தூரத்தில், பாபநாசத்து அருவியில் கொண்டு போய் விடும்!

அருவியைத் தேடி வந்த துரைகள்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் எல்லாம் கரிசல் பூமி. பருத்திக்குப் பேர் போன மண். அங்கே விளைந்த பஞ்சு மாட்டு வண்டி ஏறித் தூத்துக்குடிக்கு வரும். அங்கிருந்து கப்பல் ஏறிச் சீமைக்குப் போகும். சீமை ஆலைகளில் நூலாகி, துணியாகித் திரும்பி வரும். பஞ்சை விற்றவனே அந்தத் துணியைக் காசு கொடுத்து வாங்குவான்.

"இங்கேயே நூற்றால் என்ன?" என்று கணக்குப் போட்டார்கள் ஆண்ட்ரூ ஹார்வி, பிராங்க் ஹார்வி என்ற இரு சகோதரர்கள். கப்பல் செலவு மிச்சம். கூலியும் மலிவு. ஆனால் யந்திரம் ஓட நிலக்கரி வேண்டுமே? நெல்லைச் சீமையில் கரி ஏது?

கரி இல்லை. ஆனால் தாமிரபரணி இருந்தது.

மற்ற ஆறுகளைப் போல வெயில் காலத்தில் மணலைக் காட்டிக்கொண்டு படுத்துவிடும் ஆறு அல்ல அது. பொதிகை மலையில் பிறக்கிறது. தென்மேற்குப் பருவ மழையும் அதற்கு உண்டு, வடகிழக்குப் பருவ மழையும் உண்டு. பாபநாசத்தில் மலையை விட்டுக் குதித்து இறங்குகிறது. குதிக்கிற தண்ணீருக்குச் சக்கரத்தைச் சுற்றும் வலு இருக்கிறது. அந்த வலுவுக்கு யாரும் விலை கேட்பதில்லை!

தண்ணீரைத் திருப்பிக் கால்வாயில் விட்டார்கள். சக்கரம் சுழன்றது. சக்கரத்தோடு ஆயிரக்கணக்கான கதிர்கள் சுழன்றன. விக்கிரமசிங்கபுரத்தில் 1885-ல் இப்படிப் பிறந்ததுதான் "டின்னவேலி மில்ஸ்". திருநெல்வேலி என்று சொல்ல வாய் வராமல் வெள்ளைக்காரர்கள் "டின்னவேலி" ஆக்கிவிட்ட கதைதான் எல்லோருக்கும் தெரியுமே!

அப்போது அம்பாசமுத்திரம் பக்கம் ரயில் கிடையாது. திருநெல்வேலியிலிருந்து மேற்கே ரயில் பாதை வந்தது 1902, 1903-ல்தான். அது வரை பஞ்சு போனதும் நூல் வந்ததும் மாட்டு வண்டியிலேதான்.

ஆலைக்குள் போனவர்கள் யார்? வயலில் நாற்று நட்டவர்கள், களை எடுத்தவர்கள். சூரியனைப் பார்த்து வேலை செய்தவர்கள் இப்போது ஆலைச் சங்கைக் கேட்டு ஓடினார்கள். இந்தியாவில் 1881-ல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம், "7 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது" என்றது. அப்படியானால் 8 வயதுப் பிள்ளை? அதற்குத் தடை இல்லை. 9 மணி நேரம் வேலை வாங்கலாம்! வளர்ந்த ஆண்களுக்கோ இத்தனை மணி நேரம்தான் என்ற வரம்பே 1911 வரை கிடையாது.

துரைகளின் தொழில் செழித்தது. 1888-ல் தூத்துக்குடியில் கோரல் மில். 1892-ல் மதுரையில் மதுரா மில். சனங்கள் மூன்றையும் சேர்த்து "ஹார்வி மில்" என்றார்கள். மதுரையில் திருப்பரங்குன்றம் பக்கம் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று ஹார்விபட்டி ஆகவே ஆகிவிட்டது.

கோட்டுப் போட்ட வக்கீல்

தூத்துக்குடியில் ஹார்வி கம்பெனிக்கு இன்னொரு தொழிலும் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்கு அவர்கள்தான் ஏஜண்டு.

அந்தக் கப்பலுக்கு எதிராக 1906-ல் சுதேசிக் கப்பல் விட்டவர் யார் என்று பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். கறுப்புக் கோட்டு அணிந்து கோர்ட்டுக்குப் போய் வந்த வக்கீல் வ. உ. சிதம்பரம் பிள்ளை!

கடலில் மோதியவர், ஆலையிலும் மோதினார். 1908 பிப்ரவரி 27-ந் தேதி கோரல் மில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். கேட்டது என்ன? கூலி உயர்வு. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. வேலை நேரத்தில் கொஞ்சம் குறைப்பு. இதைக் கேட்கத்தான் அவ்வளவு பெரிய கிளர்ச்சி வேண்டியிருந்தது.

ஊரே தொழிலாளர் பக்கம் திரும்பியது. பணக்காரர்கள் நன்கொடை கொடுத்தார்கள். வெள்ளையருக்கு வேண்டியவர்களுக்குச் சவரம் செய்ய மறுத்தார்கள், துணி வெளுக்க மறுத்தார்கள். ஒன்பது நாளில் கம்பெனி இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தது. ஞாயிறு காலையில் சாவகாசமாகப் பத்திரிகை புரட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. மார்ச் 12-ந் தேதி சிதம்பரம் பிள்ளையும் சிவாவும் கைதானார்கள். மறு நாள் திருநெல்வேலியில் கலவரம். போலீஸ் சுட்டதில் 4 பேர் மாண்டார்கள். கோட்டுப் போட்ட வக்கீல் கைதி உடை அணிந்தார். கோவைச் சிறையில் செக்கு இழுத்தார். 1912 டிசம்பரில் விடுதலை ஆகி வெளியே வந்தபோது அவருக்குக் கப்பலும் இல்லை, வக்கீல் தொழிலும் இல்லை.

சீமைக்குப் போன மாங்காய்

இனிக் கொஞ்சம் கடல் தாண்டிப் போக வேண்டும். மாப்பிள்ளைக் கோட்டின் இன்னொரு வேர் ஸ்காட்லாந்தில், பெய்ஸ்லி என்ற நெசவாளர் ஊரில் இருக்கிறது.

நூற்றைம்பது, இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பியச் சீமாட்டிகள் மேலே போர்த்திக்கொள்ள ஏங்கியது காஷ்மீர் சால்வைக்கு. விலையோ யானை விலை! பெய்ஸ்லி நெசவாளர்கள் அதைப் பார்த்து அதே மாதிரி மலிவாக நெய்து தள்ளினார்கள். சால்வையின் கரையில் இருந்தது நம் மாங்காய் புட்டாதான். நம் பாட்டிமார் பட்டுச் சேலையில் பார்த்துப் பழகிய அதே மாங்காய்! அங்கே அதற்கு "பெய்ஸ்லி" என்றே பெயர் வந்துவிட்டது. நம் வீட்டு மாங்காய் அந்த ஊர்ப் பெயரைச் சூட்டிக்கொண்டது.

அந்த ஊரில் 1806-ல் பாட்ரிக் கிளார்க் என்பவர் பருத்தியிலேயே வழுவழுப்பான இழை செய்து காட்டினார். நெப்போலியன் சண்டையால் பட்டு நூல் வருவது நின்று போயிருந்த நேரம் அது. கிளார்க் குடும்பம் நூலை மரக்கட்டையில் சுற்றி விற்றது. கட்டைக்குத் தனியாக அரைப் பென்னி. காலிக் கட்டையைத் திருப்பிக் கொடுத்தால் காசும் திரும்பக் கிடைக்கும். சோடா பாட்டிலுக்கு முன்பணம் வைக்கிற கதைதான்!

அதே ஊரில் சால்வைத் தொழிலில் இருந்த ஜேம்ஸ் கோட்ஸ், 1826-ல் நூல் ஆலை தொடங்கினார். 1830-ல் மகன்கள் ஜேம்சும் பீட்டரும் பொறுப்பேற்றார்கள். "ஜே. அண்ட் பி. கோட்ஸ்" பிறந்தது. இந்தக் "கோட்ஸ்" குடும்பப் பெயர். உடுத்துகிற கோட்டுக்கும் அதற்கும் உறவு இல்லை. 1896-ல் கிளார்க் கம்பெனியும் கோட்ஸும் ஒன்றாகின. பூவேலை செய்யும் பெண்களுக்குத் தெரிந்த "ஆங்கர்" நூல் கிளார்க் வீட்டு நங்கூரச் சின்னம்தான்.

பாபநாசம், தூத்துக்குடி, மதுரை ஆலைகள் 1920-களில் "மதுரா மில்ஸ்" என்ற ஒரே கம்பெனி ஆகியிருந்தன. 1974-ல் மதுரா மில்ஸும் கோட்ஸும் இணைந்தன. "மதுரா கோட்ஸ்" உண்டாயிற்று. தாமிரபரணி நூலும் பெய்ஸ்லி நூலும் ஒரே கண்டில் சேர்ந்துகொண்டன.

குடை பிடித்த ராஜா

நூல் விற்றவர்களுக்குச் சட்டை விற்கும் யோசனை எப்படி வந்தது?

அந்தக் காலத்தில் தீபாவளி என்றால் துணி எடுத்துத் தையற்காரரிடம் கொடுக்க வேண்டும். "நாளைக்கு வாங்க" என்பார். நாளைக்குப் போனால் "காஜா மட்டும்தான் பாக்கி" என்பார். பண்டிகை முதல் நாள் ராத்திரி வரை நெஞ்சு படபடக்கும். 1980-களில் நகரங்களில் சம்பளக்காரர்கள் பெருகினார்கள். ஆயத்தச் சட்டை வாங்கி, அன்றைக்கே போட்டுக்கொள்ளும் அவசரம் வந்தது. மதுரா கோட்ஸ் ஆடைப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. 1989-ல் லூயி பிலிப் வந்தது. 1990-ல் வான் ஹூசன். 1993-ல் ஆலன் சாலி. 1997-ல் பீட்டர் இங்கிலாந்து. நான்கும் சீமைப் பெயர்! சுதேசி பேசிய தூத்துக்குடி மண்ணில் ஆலை நடத்திய கம்பெனி அல்லவா? சிதம்பரம் பிள்ளை இருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

லூயி பிலிப் என்பவர் 1830 முதல் 1848 வரை பிரெஞ்சு தேசத்தை ஆண்ட மன்னர். பெய்ஸ்லியில் கோட்ஸ் சகோதரர்கள் நூல் ஆலைக்குப் பொறுப்பேற்ற அதே ஆண்டில்தான் இவர் அரியணை ஏறினார். கிரீடமும் அங்கியும் அவருக்குப் பிடிக்காது. சாதாரண வியாபாரியைப் போலக் கோட்டும் தொப்பியும் அணிந்து, கையில் குடையோடு பாரிஸ் தெருவில் நடந்து போவார். "குடிமக்கள் ராஜா" என்று பெயர். கடைசியில் புரட்சி வந்தது. மன்னர் "மிஸ்டர் ஸ்மித்" என்று பெயரை மாற்றிச் சொல்லி இங்கிலாந்துக்குத் தப்பி ஓடினார். ஓடுகிற அவசரத்தில், ஒரு நாள் தம் பெயர் நெல்லை மாப்பிள்ளையின் நெஞ்சோரம் ஏறும் என்று எண்ணியிருப்பாரா?

சட்டையில் தொடங்கிய பெயர் கால்சட்டைக்கும் கோட்டுக்கும் பரவியது. கோட்டு லேசான வேலை அல்ல. சட்டை ஒன்றுக்கே நூறு மீட்டருக்கு மேல் நூல் போகும். கோட்டுக்கோ உள்ளே இன்னொரு கோட்டே இருக்கிறது. மேல் துணிக்கும் உள் லைனிங்குக்கும் நடுவே விறைப்பான கான்வாஸ். தோளில் திணிப்பு. மார்பு மடிப்பு சுருளாமல் நிற்க, வெளியே தெரியாத நுணுக்கமான தையல்கள். கடையில் கண்ணைப் பறிப்பது துணி. கோட்டைக் கோட்டாக நிற்க வைப்பது நூல்.

இரண்டாகப் பிரிந்த மதுரா

புத்தாயிரம் பிறந்த சமயத்தில் கோட்ஸ் கம்பெனி ஆடைத் தொழிலை விற்றுவிட்டது. வாங்கியது பிர்லா குழுமத்தைச் சேர்ந்த இந்தியன் ரேயான். தையல் நூல் தொழிலைக் கோட்ஸ் விடவில்லை. பாகப் பிரிவினையில் "மதுரா" என்ற பெயர் இரண்டு வீட்டுக்கும் போயிற்று. நூல் விற்றவர்கள் "மதுரா கோட்ஸ்" ஆகத் தொடர்ந்தார்கள். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆடைத் தொழிலுக்கும் "மதுரா" என்றே பெயர் நிலைத்தது. 2025-ல் அந்த ஆடைத் தொழில் "ஆதித்ய பிர்லா லைஃப்ஸ்டைல் பிராண்ட்ஸ்" என்ற தனிக் கம்பெனியாகிப் பங்குச் சந்தைக்கும் வந்துவிட்டது.

ஊர்வலம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறார். கூட்டத்தில் யாரோ இழுத்ததில் பொத்தான் ஒன்று தளர்ந்து தொங்குகிறது. காலையில் போட்டோ எடுக்க மறுபடி கோட்டு வேண்டுமாம்.

தாயார் பழைய பிஸ்கட் டப்பாவைத் திறக்கிறார். ஊசி எடுக்கிறார். கறுப்பு நூல்கண்டு எடுக்கிறார். கண்டின் தலையில் பொடி எழுத்தில் "மதுரா கோட்ஸ்" என்று அச்சடித்திருக்கிறது. கண்ணாடி போடாமல் அதைப் படிக்க முடியாது. நூலைப் பல்லால் கடித்து, ஊசியில் கோத்து, பொத்தானை இறுக்கித் தைக்கிறார்.