எழுத விடாத குயில்

நம் சங்கத்து இதழுக்குப் பாரதியாரைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் குழுவினர் சித்திரை மாதத்திலேயே நம்மிடம் சொல்லிவிட்டனர். செப்டம்பர் 11 கவிஞரின் நினைவு நாள். அதற்கு இன்னும் நாளிருக்கிறதே என்று நாமும் தலையசைத்துவிட்டோம். இரயில்வேப் பார்சல் அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவனுக்கு எழுதுவது புதிதன்று. நாள் முழுவதும் எண்ணும் எடையும் ஊர்ப்பெயருமாகப் பதிந்துகொண்டே இருக்கிறோம். ஆனால் அவற்றில் ஒரு வாக்கியமும் இராது. மெட்ரிக்குலேஷனோடு நின்ற படிப்பு. வாக்கியம் எழுத உட்கார்ந்தால் கை சற்று நடுங்கத்தான் செய்கிறது.

தாராவியில் நம் குடித்தனம் மாடியில் ஓர் அறை. அதற்கு ஒரே சன்னல். சன்னலுக்கு வெளியே சாக்கடை; சாக்கடைச் சுவரைப் பிளந்து வளர்ந்த ஓர் அரசமரம்; அதற்கப்பால் தகரக் கூரைகள். இந்தப் பகுதியில் ஓசை இல்லாத நேரம் என்று ஒன்று உண்டானால் அது விடியற்காலை நான்கு மணி முதல் ஆறு மணி வரைதான். அந்த இரண்டு மணி நேரத்தையே நம்பி எழுத உட்கார்ந்தோம். பாரதியார் 1882-ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் பிறந்தார் என்று ஒரு வரி எழுதியாயிற்று. அப்போது அரசமரத்திலிருந்து குயில் கூவத் தொடங்கியது.

குயிலோசையை இனிமை என்று சொன்ன புலவர்களில் எவரும் அதற்குப் பத்தடி தொலைவில் உட்கார்ந்து கட்டுரை எழுதியிருக்கமாட்டார்கள் என்பது நம் கருத்து. முதலில் மெல்லத் தொடங்குகிறது. ஒவ்வொரு கூவலும் முன்னதைவிட ஒரு படி உயர்கிறது. அடுத்தது எங்கே போய் முட்டுமோ என்று நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது பட்டென்று நின்றுவிடுகிறது. சிறிது நேரம் கழித்து மீண்டும் முதலிலிருந்து. மூன்று நாள் இப்படியே கழிந்தது. கவிஞர் பிறந்த இடத்திலேயே நின்றார், வளரவில்லை. நான்காம் நாள் ஓர் ஒட்டுப்பலகையை வாங்கிவந்து சன்னலில் அறைந்துவிட்டோம்.

அறை இருண்டது, ஓசையும் குறைந்தது. கட்டுரை மட்டும் நகரவில்லை. வேறு வழியின்றிக் குயில் பாட்டை எடுத்துப் படிக்கத் தொடங்கினோம். பாரதியார் 1908-இல் புதுவைக்குச் சென்று 1918 வரை அங்கே தங்கியிருந்தார். அக்காலத்தில் எழுதிய நூல் அது. புதுவை நகருக்கு மேற்கே ஒரு மாஞ்சோலை. அதிலே ஒரு குயில். அதன் மேல் கவிஞர் கொள்ளும் காதல். கதை பள்ளிப் பருவத்திலேயே நமக்குத் தெரியும். அதன் முடிவைத்தான் அன்றுவரை கவனியாமல் இருந்திருக்கிறோம். சோலை, குயில், பெண் எல்லாம் மறைந்து கவிஞர் விழித்துப் பார்க்கிறார். சுற்றிலும் கிடப்பவை பழஞ்சுவடிகள், எழுதுகோல், பத்திரிகைகள், ஒரு பழம்பாய். ஆக, அவர் எழுதும் இடத்திலேயே இருந்திருக்கிறார்! எழுதுகோலின் பக்கத்தில் கிடந்தவரைத்தான் குயில் சோலைக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. நாமோ அத்தகைய குயிலுக்கு எதிரே பலகை அடித்துவிட்டு, அவரைப் பற்றி எழுதப் புகுந்தோம்.

இங்கிலாந்திலும் இத்தகைய செய்திகள் உண்டு. 1797-இல் கோல்ரிட்ஜ் கனவிலே கண்ட கவிதையை எழுதிக்கொண்டிருந்தபோது, பக்கத்து ஊரிலிருந்து யாரோ வேலையாக வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசிவிட்டுப் போனாராம். அதற்குள் கனவு கலைந்தது. 54 அடிகளே மிஞ்சின என்று கவிஞரே எழுதிவைத்தார். 1819-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் கீட்ஸ் தங்கியிருந்த வீட்டருகே ஒரு நைட்டிங்கேல் பறவை கூடு கட்டியது. அவர் ஒரு காலை நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் மரத்தடியில் போட்டு, இரண்டு மூன்று மணி நேரம் இருந்து கவிதையோடு திரும்பினார் என்று உடனிருந்த நண்பர் குறித்திருக்கிறார். வந்த மனிதன் கெடுத்தான். வந்த பறவை கொடுத்தது. (சீட்டுப் பணம் வசூலிக்க வரும் அன்பர்கள் இதனைத் தம்மேல் ஏற்றிக்கொள்ள வேண்டா.)

இவற்றையெல்லாம் நம் இல்லாளிடம் சொன்னோம். செல்லம்மாள் பாரதி அம்மையார் வாழ்வில் நடந்ததாக வழங்கும் நிகழ்ச்சியையும் சொன்னோம். அம்மையார் அரிசியை முறத்தில் எடுத்துவைத்து அப்பால் சென்றார். பத்திரிகைக்கு எழுத வேண்டிய கவிஞர் அரிசியை அள்ளிக் குருவிகளுக்கு இறைத்து மகிழ்ந்தார்.

“சரிங்க, குருவி தின்றது, கவிதையும் வந்தது. அன்றைக்கு உலை வைக்க அந்த அம்மா எந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள் என்று எந்தப் புத்தகத்திலாவது எழுதியிருக்கிறதா?” என்று கேட்டாள்.

நமக்கு விடை தெரியவில்லை. கவிஞர்களைப் பற்றிய கட்டுரைகளில் முறத்தைப் பிடித்த கைக்கும் இரண்டு வரி இருக்க வேண்டும் என்றுதான் தோன்றிற்று.

பலகை அடித்த ஐந்தாம் நாள், மூன்றாம் வகுப்பில் படிக்கும் நம் மகள் சன்னலருகே நின்று, “அப்பா, அந்தக் கோயல் எங்கே போய்விட்டது?” என்றாள்.

“கோயல் இல்லை அம்மா, குயில்” என்றோம்.

“குயில் என்றால் வேறு பறவைதானே? அது பாட்டில் வருவது” என்றாள்.

இது நம்மைச் சுட்டது. அவள் படிப்பது ஆங்கிலப் பள்ளி. தெருவில் பேசுவது இந்தி. வீட்டில் தமிழ் பேசுகிறாள் என்று நாம் நிம்மதியாக இருந்தோம். ஆனால் பத்தடி தொலைவில் கூவும் பறவைக்கு அவளிடம் இருந்த பெயர் இந்திப் பெயர். நம் சொல் எங்கோ ஒரு பாட்டுக்குள் இருந்தது. மரத்தில் இருந்த பறவையோடு அது சேரவே இல்லை. அன்றே பலகையைப் பெயர்த்தோம்.

அதன்பின் விடியற்காலை எழுத உட்கார்ந்தபோதெல்லாம் அவளும் கூட உட்கார்ந்தாள். கரிய உடலும் சிவந்த கண்ணும் உடைய ஆண் குயில்தான் கூவுவது. உடலெங்கும் புள்ளியும் வரியுமாக இருக்கும் பெண் குயில் கீச்சிடுமே தவிர அப்படிக் கூவுவதில்லை. பாரதியார் குயிலியைப் பாடவைத்தது கவிஞர் உரிமை. பறவைகளைப் பார்த்தபடியே எழுத விரும்புவோர் மா. கிருஷ்ணனைப் படிக்கலாம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தரான அவர் நம் திருநெல்வேலிச் சீமையில் 1912-இல் பிறந்தவர். கல்கத்தா நாளேடான ஸ்டேட்ஸ்மனில் 1950 முதல் 1996-இல் மறையும்வரை காட்டுயிர்களைப் பற்றித் தொடர்ந்து எழுதினார், தமிழிலும் எழுதியிருக்கிறார்.

நம் பம்பாயிலேயே சாலிம் அலியின் கதை இருக்கிறது. 1930-இல் வேலை இல்லாமற்போகவே, துறைமுகத்துக்கு அக்கரையில் உள்ள கிஹிம் கடற்கரைக்குக் குடிபோனார். அங்கே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டியிருந்தன. உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்துகிறது. பெண் வந்து பார்த்து ஒப்பினால்தான் மீதியைக் கட்டுகிறது. பிறகு இன்னொரு கூட்டைத் தொடங்கி இன்னொரு பெண்ணுக்குக் காத்திருக்கிறது என்று கண்டெழுதினார். வேலை போகாதிருந்தால் அந்தக் குருவிகளை யார் அப்படிப் பார்த்திருப்பார்கள்?

மகளை ஒரு ஞாயிறன்று மித்தி ஆற்றோரம் உள்ள மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றோம். தாராவியில் பலர் இன்னும் அதற்குள் நுழைந்ததில்லை. நகரத்துக் குப்பை கொட்டிய மேடு அது. மண்ணிட்டு மரம் நட்டு, 1994-இல் மக்களுக்குத் திறந்தார்கள். ஏறத்தாழ 37 ஏக்கர். குப்பைமேட்டில் நின்று குயில் கேட்கிறோம் என்றதற்கு அவள் நம்பவில்லை.

ஆனி மாதம் மழை தொடங்கியபோது அரசமரத்தில் வேறு ஒரு கூத்து. காகம் கம்பித் துண்டுகளும் சுள்ளியுமாகக் கட்டிய கூட்டிலிருந்து ஒரு குஞ்சு வெளிவந்து கிளையில் உட்கார்ந்து வாயைப் பிளந்தது. காகம் ஊட்டியது. குஞ்சு குயிலுடையது. அயலார் கூட்டில் வளர்ந்தாலும் அது பின்னாளில் குயிலாகவே கூவும். யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. இதை நம் பிள்ளைகளுக்கு உவமையாக்கிச் சங்கக் கூட்டங்களில் சிலர் பேசக் கேட்டிருக்கிறோம். உவமை பிழையானது. மனிதக் குஞ்சுக்கு மொழி தொண்டையில் பிறப்பதில்லை. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, மரத்தைக் காட்டி, பெயரைச் சொல்ல வேண்டும்.

மகள் நம் கட்டுரைத் தாளின் பின்புறத்தில், காகம் குயில்குஞ்சுக்கு சோறு குடுக்குது என்று எழுதினாள். அவள் தானாக எழுதிய முதல் தமிழ் வாக்கியம் அது. ஒற்று விடுபட்டிருக்கிறது, திருத்தவில்லை. ஊரில் இருக்கும் நம் தாயாருக்குத் தாளை அப்படியே அஞ்சலில் அனுப்பிவிட்டோம். முன்புறத்தில் பாரதியார் இன்னும் 1882-இல்தான் இருக்கிறார். ஆசிரியர் குழுவினர் பொறுத்தருள வேண்டும். ஒட்டுப்பலகை இப்போது சமையல் மூலையில் தட்டாகியிருக்கிறது; அதன்மேல் முறம் இருக்கிறது.