வலிக்கிற மார்பும் வலிக்காத கட்டியும்

பௌர்ணமி போகட்டும், தீபம் முடியட்டும், பிள்ளைக்குப் பரீட்சை ஆகட்டும். திருவண்ணாமலையில் பூக்கட்டி விற்கிறவரானாலும், ஆரணித் தறியில் உட்காருகிறவரானாலும், மார்பில் வலி என்றால் இப்படித்தான் நாளைத் தள்ளுகிறார்கள். கிரிவலக் கூட்டத்தை நம்பிப் பிழைக்கும் ஊரில் அதைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஆனால் தள்ளிப்போவது மருத்துவரைப் பார்ப்பதுதான், பயம் தள்ளிப்போவதில்லை. விளக்கை அணைத்ததும் கை தானாக அந்த இடத்துக்குப் போகிறது.

பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு எப்போதாவது மார்பு வலித்திருக்கும். பெரும்பாலும் மாதவிலக்குக்குச் சில நாள் முன்பு இரண்டு பக்கமும் கனத்து வலித்து, விலக்கானதும் வடிந்துவிடும். ஹார்மோன்களின் ஏற்ற இறக்கம்தான் காரணம். கட்டியோ வேறு மாற்றமோ இல்லாமல் வலி மட்டும் இருந்தால், அது புற்றுநோயாக இருப்பது மிக அரிது. நம் வீடுகளிலோ கணக்கு தலைகீழ். வலித்தால் நடுங்குகிறார்கள்; கட்டி தட்டுப்பட்டால் “அதான் வலிக்கலையே” என்று விட்டுவிடுகிறார்கள். ஆரம்பநிலைப் புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிப்பதே இல்லை.

பௌர்ணமி பார்க்கும் அதே காலண்டரில் வலித்த நாளையும் விலக்கான நாளையும் இரண்டு மாதம் குறித்து வையுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்கு அதுவே பதில். பலருக்கு அளவான உள்ளாடையும், மருத்துவர் சொல்லும் வலிநிவாரணிக் களிம்புமே போதும். வலி கடுமையானால் மாத்திரை உண்டு. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த சென்ட்குரோமன், ‘சாயா’ என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் கருத்தடைக்குத் தரப்படுகிறது; அதுவே மார்பு வலிக்கும் பயன்படுகிறது. நம் நாட்டு ஆய்வுக்கூடம் பெண்களுக்குத் தந்த நல்ல கொடை அது. மருத்துவர் எழுதித் தராமல் மட்டும் விழுங்கவேண்டாம்.

கட்டிகளிலும் பெரும்பான்மை சாதாரணமானவை. இருபதுகளில் விரல் பட்டால் நழுவி ஓடும் ஃபைப்ரோஅடினோமா. நாற்பதை ஒட்டி நீர்க்கட்டி. அதற்காக விரலை நம்பி முடிவுகட்டக் கூடாது. மருத்துவர் கையால் பார்ப்பது, ஸ்கேன் அல்லது மேமோகிராம், தேவைப்பட்டால் ஊசிவழித் திசுப் பரிசோதனை: இவை ஒத்துப்போனால்தான் முடிவு. ‘ஊசி குத்தினால் பரவிவிடும்’ என்று அக்கம்பக்கத்தில் சொல்வதைக் கேட்டுப் பரிசோதனையைத் தட்டிக்கழிக்காதீர்கள். அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை.

ரிப்போர்ட் வந்த பிறகும் சிலருக்கு மனம் அடங்குவதில்லை. ஸ்கேனுக்குத் தரும் தரநிலை ‘பைராட்ஸ் 3’ என்று அதில் இருந்தால், புற்றுநோய்க்கான வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு அல்லது அதற்கும் குறைவு. ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன். அந்த ஆறு மாதம்தான் கஷ்டம். தினமும் பத்துமுறை அழுத்திப் பார்த்தால் வலியும் கூடும், பயமும் கூடும். மாதம் ஒருமுறை, விலக்கு முடிந்தபின் பார்த்தால் போதும். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். கணவரோ அக்காவோ அடுத்த ஸ்கேனுக்குக் கூட வரட்டும்.

காத்திருக்கவே கூடாத அறிகுறிகளும் உண்டு: நகராத கெட்டிக் கட்டி, காம்பு உள்ளிழுத்தல், ரத்தக் கசிவு, தோல் சுருங்குதல், அக்குளில் கட்டி.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998 முதல் 1,50,000 பெண்களிடம் நடத்திய நீண்ட ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் கையால் பரிசோதித்ததாலேயே ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. 30 வயது தாண்டிய பெண்களுக்கு இந்தப் பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேட்டுப் பெறலாம். மேல்பரிசோதனைக்குத் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அடுத்த பௌர்ணமிக்கு முன்பே போய்வந்துவிடுங்கள்.