விசிறியின் ஊடே ஒரு குண்டு

1915-ம் வருஷத்தில் யந்திரத் துப்பாக்கியுடன் ஆகாயப் போருக்குக் கிளம்பிய விமானிக்கு முதற் சத்துரு, தன் விமானத்தின் முகப்பில் சுழலும் விசிறியே. எதிரே சுட்டால் குண்டு அதையல்லவா தகர்க்கும்? பிரெஞ்சு வீரர் ரோலான் காரோஸ், விசிறியின் இலைகளில் எஃகுத் தகடுகளைப் பொருத்தி, படும் குண்டுகள் தெறித்து விலகும்படி செய்தார். துணிச்சல்தான், யுக்தி என்று சொல்ல மனம் வரவில்லை! அதே வருஷம் ஜெர்மனியில் போக்கரின் தொழிற்சாலை, இலை குறுக்கே வராத கணத்தில் மட்டும் துப்பாக்கி வெடிக்குமாறு அதை எஞ்சினோடு இணைத்துவிட்டது. பிரிட்டிஷாரும் பின்னர் அவ்வித்தையைக் கைக்கொண்டனர்.

அவர்களுடைய எஸ். இ. 5ஏ என்ற இரட்டை இறக்கை விமானத்தில் இரண்டு துப்பாக்கிகள். ஒன்று விசிறியின் ஊடே சுடும். மற்றது மேல் இறக்கையின்மீது அமர்ந்து, விசிறிக்கு மேலாகச் சுடும். மேலே உள்ளதன் வட்டப் பெட்டியில் 97 தோட்டாக்கள். தீர்ந்ததும், வளைந்த தண்டவாளத்தின் வழியே துப்பாக்கியைக் கீழே இழுத்து, சீறும் காற்றில் பெட்டியை மாற்றவேண்டும். விமானத்தை ஓட்டுகிறவரும் அவரே!

அவ்விமானத்தில் போரிட்டவர் கல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராய். இந்தியருக்கு ராணுவ அதிகாரிப் பதவி தரத் தயங்கிய காலம் அது. 1917 டிசம்பரில் விமானம் விழுந்து படுகாயமுற்றும், மீண்டும் பறந்தே தீருவேன் என்று நின்றார். 1918 ஜூலையில் இரண்டு வாரத்துக்குள் 10 வெற்றிகள் அவர் பெயரில் பதிவாயின. 22-ந் தேதி போக்கர் விமானங்களோடு நடந்த சண்டையில் மாண்டார். வயது 19. யாருடைய யுத்தம், யார் பெற்ற பிள்ளை! பிரான்ஸில் எஸ்தவெல் கிராமத்தில் அவருடைய கல்லறைக் கல்லில் வங்காளி எழுத்துக்களைக் காணலாம்.