போனவர் விட்டுச் சென்றது

பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஜனசமுத்திரம் நிறைக்கிற, கார்த்திகைத் தீபத்தன்று அதனினும் பன்மடங்கு கூட்டம் வந்து சேர்கிற திருவண்ணாமலையில், சத்திரத்து வாழ்க்கை எத்தகையது என்று எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. இன்று ஒருவர் படுத்தெழுந்த இடத்தில் நாளை இன்னொருவர் தலை சாய்க்கிறார்; முன்னவர் எந்த ஊரார், என்ன உபாதையோடு வந்தார் என்பதைப் பின்னவர் கேட்பதுமில்லை, அறிவதுமில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலும் ஒரு சத்திரமே. ஆனால் அங்கே வந்து படுப்பவர், அறுவைப் புண்ணோடும், ரத்தக் குழாயில் செருகிய ஊசியோடும், மூத்திரக் குழாயோடும், கிருமிகள் பிரவேசிப்பதற்கு வாசல் திறந்துவைத்த தேகத்தோடு வந்து படுக்கிறார். 2013-ல் தொடங்கிய இவ்வூர் அரசு மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியானாலும் சரி, தேரடி வீதிக்கு அருகில் நாலைந்து கட்டில்களோடு நடக்கும் சிறு கிளினிக் ஆனாலும் சரி, ஒரு நோயாளி வீடு திரும்பி அடுத்தவர் அக்கட்டிலில் ஏறுவதற்கு முன் உள்ள சொற்ப அவகாசத்தில் நடப்பது, அல்லது நடக்காமல் போவது, பின்னவருடைய க்ஷேமத்தைப் பெரிதும் நிர்ணயிக்கிறது.

காய்ந்துபோன இடத்தில் கிருமி தானே மடிந்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அதுவரை வெளியான ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டி 2006-ல் ஜெர்மானிய நிபுணர்கள் வெளியிட்ட கட்டுரை அந்த நம்பிக்கைக்கு இடம் வைக்கவில்லை. புண்ணைச் சீழ்ப்பிடிக்கச் செய்யும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் உலர்ந்த பரப்பில் 7 நாள் முதல் 7 மாதம் வரையிலும், தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் பரம வைரியான அசினெட்டோபாக்டர் 3 நாள் முதல் 5 மாதம் வரையிலும் உயிரோடிருக்கக் கூடும் என்று அது எடுத்துக் காட்டியது. இக்கிருமிகளுக்குக் காலுமில்லை, சிறகுமில்லை. நம் கைகளே அவற்றின் வாகனம். கட்டிலின் பக்கக் கம்பியைப் பிடித்த கை டிரிப் ஏற்றும் ஸ்டாண்டைத் தொடுகிறது. அதே கை ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையையும், மருந்து மேஜையையும், கதவுப் பிடியையும், விளக்கு ஸ்விட்சையும் தொட்டுவிட்டுக் கடைசியில் நோயாளியின் புண்ணருகே வந்து நிற்கிறது. கையுறை அணிந்திருப்பதும் இதற்குப் பரிகாரமாகாது. அணிந்தவரைக் காக்கும் அவ்வுறை, மாற்றப்படாதவரையில் அடுத்தவருக்குக் கிருமியைச் சுமந்து செல்கிறது.

இதில் ஒரு விபரீதம் என்னவென்றால், கண்ணில் படும் தரையை வேளை தவறாமல் துடைக்கிற நாம், கையில் படும் கம்பியை மறந்துவிடுகிறோம். அமெரிக்காவில் 36 ஆஸ்பத்திரிகளில், வெறுங்கண்ணுக்குப் புலப்படாமல் புற ஊதா விளக்கில் மட்டும் ஒளிரும் ஒரு திரவத்தைப் பலரும் தொடும் இடங்களில் பூசிவைத்து, அறை சுத்தம் செய்யப்பட்ட பிறகு பார்த்தார்கள். துடைக்கப்பட்டிருந்தவை பாதிக்கும் குறைவு என்று 2008-ல் வெளியான அந்த ஆய்வு கூறியது. செல்வம் கொழிக்கும் தேசத்திலேயே நிலைமை அதுவாயின், ஒரு நோயாளிக்கு நான்கு அட்டெண்டர்கள் கூடவே தங்கும் நம் வார்டுகளில் எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும்!

மருந்துதான் இருக்கிறதே என்று சமாதானம் கொள்வதற்கும் இப்போது வழியில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியும் பிறநாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து 2010-ல் வெளியிட்ட கட்டுரை, கடைசி அஸ்திரமாக வைத்திருந்த கார்பபெனம் மருந்துகளையும் முறியடிக்கும் என்.டி.எம்.-1 என்ற மரபணுவைத் தாங்கிய கிருமிகள் சென்னையில் 44 மாதிரிகளில் இருந்ததை உலகுக்கு அறிவித்தது. இரண்டு ஆண்டுகளில் இந்திய மருத்துவர் சங்கங்கள் கூடிச் ‘சென்னைப் பிரகடனம்’ என்ற செயல்திட்டத்தை வகுத்தன. அஸ்திரம் மழுங்கிய காலத்தில் பகைவனைக் கோட்டைக்குள் விடாதிருப்பதே விவேகம்.

அதற்கான சாதனம் நமக்குப் புதிதன்று. பிரசவ வார்டில் தாய்மார்கள் மடிவதைத் தடுக்க 1847-ல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற வைத்தியர் தம் மாணவர்களின் கைகளைக் கழுவச் சொன்ன குளோரின் சுண்ணாம்பும், திருவிழா நாட்களில் நம் வீதியோரங்களில் வெள்ளைக் கோடாகத் தூவப்படும் ப்ளீச்சிங் பவுடரும் ஒரே வஸ்துதான். ஆனால் தூவுவதால் மட்டும் பலனில்லை. ரத்தமும் சளியும் அழுக்கும் குளோரினின் வீரியத்தை விழுங்கிவிடுமாதலால், முதலில் சோப்புநீரால் அழுக்கைப் போக்கி, அதன்பிறகே குளோரின் கரைசலால் துடைக்க வேண்டும். துடைத்த இடம் சுமார் பத்து நிமிஷமாவது ஈரமாக நிற்க வேண்டும். வெயிலும் வெப்பமும் கரைசலைப் பலவீனப்படுத்துகிறபடியால், தினந்தோறும் புதிதாகக் கலப்பதே உசிதம். கழிவறை ஆசிடோடு அதைச் சேர்த்தால் விஷவாயு கிளம்பும் என்பதால் அவ்விரண்டையும் ஒருபோதும் கலக்கலாகாது. சுத்தமான பகுதியில் தொடங்கி அசுத்தமான பகுதியில் முடிப்பதும், மேலிருந்து கீழாகத் துடைப்பதும், ஒரு கட்டிலைத் துடைத்த துணியை அடுத்த கட்டிலுக்குக் கொண்டுபோகாமலிருப்பதும், தூசியைக் கிளப்பும் துடைப்பத்தை வார்டுக்குள் அனுமதியாமல் ஈர மாப்பையே உபயோகிப்பதும் இந்த அனுஷ்டானத்தின் மற்ற விதிகள்.

2015-ல் மத்திய அரசு தொடங்கிய ‘காயகல்ப்’ திட்டம் இத்தகைய சுத்தத்தை மதிப்பெண் இட்டு அளந்து அரசு ஆஸ்பத்திரிகளுக்குப் பரிசளிக்கிறது, நல்ல காரியம். நோயாளியைப் பார்க்கப் போகிற நாமும் செய்யக் கூடியவை உண்டு. அவருடைய கட்டிலில் உட்காராமலிருப்பது, சின்னக் குழந்தைகளை அழைத்துப் போகாமலிருப்பது, உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் கைகளைக் கழுவுவது, நோயாளியைத் தொடவரும் டாக்டரிடமும் நர்ஸிடமும் ‘கை கழுவியாயிற்றா?’ என்று மரியாதையோடு கேட்பது ஆகியவை அவை.

எல்லாவற்றுக்கும் மேலாக, மாப்பும் வாளியுமாக வரும் தூய்மைப் பணியாளரைப் பற்றி நாம் கொண்டுள்ள அபிப்பிராயம் மாற வேண்டும். ஆசாரத்தையும் மடியையும் பற்றித் தலைமுறை தலைமுறையாகப் பேசிவந்த நாம், உண்மையில் சுத்தம் செய்கிறவருக்குச் சபையில் கடைசி இடத்தையே கொடுத்துவந்திருக்கிறோம். எந்த இடத்தை, எந்த மருந்தால், எவ்வளவு நேரம் துடைக்க வேண்டும் என்ற பயிற்சியும், அதற்குப் போதிய அவகாசமும், கையுறையும் மருந்தும் தட்டுப்பாடின்றி அவருக்குக் கிடைக்குமானால், நோயாளிக்குக் கிருமி எட்டாதபடி அவரே தடுத்துவிடுகிறார். ஆகையால் சிகிச்சை செய்பவர்களின் ஜாபிதாவில் அவர் பெயரும் இடம்பெறுவதுதான் நியாயம்.