மெமு ரயில் ஏன் சட்டென்று வேகமெடுக்கிறது?

பவானி ஆறு மலையிறங்கி வரும் மேட்டுப்பாளையத்துக்குக் கோவையிலிருந்து மெமு, அதாவது தனி இன்ஜின் இல்லாமல் மோட்டார் பெட்டிகளாலேயே இயங்கும் மின்சார ரயில், ஓடுகிறது. 1873இல் திறந்த பாதை. இப்போது மேலே 25,000 வோல்ட் மின்கம்பி. துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை என்று நின்று நின்று போகிற வண்டி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் எக்ஸ்பிரஸைவிடச் சுறுசுறுப்பாகக் கிளம்புகிறது. எப்படி?

சக்கரமும் எஃகு, தண்டவாளமும் எஃகு, பிடிமானம் குறைவு. மோட்டார் எவ்வளவு பெரிதானாலும், அது சுழற்றும் சக்கரத்தை எவ்வளவு எடை அழுத்துகிறதோ அந்த அளவுக்குத்தான் இழுக்க முடியும். மீறினால் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுற்றும். மழைநாளில் இன்ஜின்கள் சக்கரத்தடியில் மணல் தூவுவது இதனால்தான்.

24 பெட்டி எக்ஸ்பிரஸில் அப்படி அழுத்துவது சுமார் 120 டன் இன்ஜின் மட்டுமே. மொத்த எடையில் அது பத்தில் ஒரு பங்கு தேறினால் அதிகம். மெமுவிலோ நாலு பெட்டிக்கு ஒன்று மோட்டார் பெட்டி. அதன் நான்கு அச்சிலும் மோட்டார் உண்டு. வண்டி எடையில் கால்வாசியாவது இழுவைக்கு உதவுகிறது. அந்தப் பெட்டியில் நெருக்கியடித்து நிற்பவர்களும், பாவம், தங்கள் பங்குக்குப் பிடிமானம் கூட்டுகிறார்கள்!

மெமுவில் இன்னொரு வசதி: இரு முனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதால் மேட்டுப்பாளையத்தில் இன்ஜினைக் கழற்றி மாட்டும் வேலையும் இல்லை. ஓட்டுநர் நடந்து மறுமுனைக்குப் போனால் போதும்.