ஒருமுறை வென்றவரின் பெயரில் ஒரு விருது

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிதம்)

கணக்குப் படிப்பவன் கையில் ஒரு பட்டியல் கிடைத்துவிட்டால், அதைக் கூட்டியும் வகுத்தும் பார்க்காமல் அவனால் இருக்க முடியாது. விடுதியில் என் அறைத்தோழனோ கால்பந்துப் பித்தன். இத்தாலி நாட்டு ஆட்டங்களை நள்ளிரவு கடந்தும் கைப்பேசியில் கண்டுகொண்டிருப்பான். சென்ற பருவத் தேர்வு முடிந்த அன்று அவன் என்னிடம் ஒரு பட்டியலை நீட்டினான். இத்தாலியின் முதல்நிலைப் போட்டியான சீரி ஏ-யில், ஒவ்வோர் ஆண்டும் அதிக கோல் அடித்தவர்கள் யார் யார் என்ற பட்டியல் அது. அந்த விருதுக்கு இப்போது பாவ்லோ ரோஸ்ஸி விருது என்று பெயர்.

யார் இந்த ரோஸ்ஸி என்று பட்டியலில் தேடினேன். 1977-78 என்ற ஒரே ஒரு வரியில்தான் அவர் இருந்தார். சுவீடன் நாட்டு வீரர் குன்னார் நோர்டால் ஐந்து வரிகளில் இருக்கிறார். சீரோ இம்மொபிலே நான்கு வரிகளில் இருக்கிறார். சீரி ஏ வரலாற்றிலேயே மிகுதியாக, 274 கோல்கள் அடித்த சில்வியோ பியோலா இரண்டு வரிகளில் இருக்கிறார். இவர்களையெல்லாம் விட்டுவிட்டு, ஒருமுறை வென்றவரின் பெயரை விருதுக்குச் சூட்டியது ஏன்? தோழனுக்கும் விடை தெரியவில்லை. தேடிப் படித்ததில் நான் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் விருதின் பழைய பெயரைச் சொல்ல வேண்டும். இத்தாலியர் இதனைக் 'காப்போகன்னோனியேரே' என்பர். 'காப்போ' என்றால் தலைவன். 'கன்னோனியேரே' என்றால் பீரங்கி சுடுபவன். அதிக கோல் அடிப்பவன் பீரங்கிப் படைக்குத் தலைவன்! நூறு பக்கம் எழுதினாலும் சொல்ல முடியாததை இந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. மக்கள் வாயில் இன்றும் வழங்குவது இந்தப் பெயர்தான்.

விதி மிக எளிது. சீரி ஏ ஆட்டங்களில் அடித்த கோல்கள் மட்டுமே கணக்கு. கோப்பைப் போட்டிகளிலோ, நாட்டுக்காகவோ அடித்தவை இதில் சேரா. முப்பது கெஜத்திலிருந்து வளைத்து அடித்தாலும் ஒன்றுதான். பெனால்டியில் அடித்தாலும் ஒன்றுதான். எதிரணிக்காரர் தம் வலைக்குள்ளேயே அடித்துவிடும் 'சேம் சைடு' கோல் யார் கணக்கிலும் வராது. இருவர் சமமாக முடித்தால், யார் குறைந்த ஆட்டங்களில் அடித்தார் என்றெல்லாம் ஆராய்வதில்லை. இருவர் பெயரும் ஒரே வரியில் ஏறும். 1972-73-இல் மூவர் தலைக்குப் பதினேழு கோல்கள் அடித்து ஒன்றாக நின்றதும் உண்டு.

இத்தாலி முழுவதற்கும் ஒரே தொகுதியாகப் போட்டி நடக்கத் தொடங்கியது 1929-30-இல். ஒவ்வோர் அணியும் மற்ற ஒவ்வோர் அணியோடும் இருமுறை மோதும். தன் ஊரில் ஒன்று, எதிரணியின் ஊரில் ஒன்று. ஆகவே அணிகள் பதினாறு என்றால் ஓர் அணிக்கு 30 ஆட்டம். பதினெட்டு என்றால் 34. இருபது என்றால் 38. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால்தான் பட்டியலைச் சரியாகப் படிக்க முடியும்.

முதல் ஆண்டில் வென்ற ஜூசெப்பே மெயாட்சா 34 ஆட்டங்கள் கொண்ட போட்டியில் 31 கோல்கள் அடித்தார். வகுத்தால் ஆட்டத்துக்கு 0.91. (மிலான் நகரின் பெரிய விளையாட்டரங்கு இவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.) 1949-50-இல் நோர்டால் 38 ஆட்டத்துக்கு 35; அதாவது 0.92. அதற்குப் பின் பட்டியலில் கீழே வர வர எண்கள் சரிந்துகொண்டே போகின்றன. 1967-68-இல் மிலான் அணியின் பியெரினோ பிராட்டி வெறும் 15 கோல்களில் பீரங்கித் தலைவரானார். ஆட்டத்துக்கு அரை கோல்! 1987-88-இல் நேப்பிள்ஸ் நகரின் நாப்போலி அணிக்காக ஆடிய மாரடோனாவும் 15 கோல்களில்தான் விருதை வென்றார். மாரடோனாவுக்கே பதினைந்துதானா என்று எனக்கு வியப்பாக இருந்தது. ஆட்டக்காரர்கள் திறமை குன்றிவிட்டார்களா?

இல்லை. கதவைத் தாழிட்டுவிட்டார்கள். 'கத்தெனாச்சோ' என்று இத்தாலியர் சொல்லும் ஆட்டமுறை அது. அச்சொல்லுக்குத் தாழ்ப்பாள் என்றே பொருள். எதிரணியின் முன்வரிசைக்காரர் ஒவ்வொருவரையும் நிழல்போல் ஒட்டிக்கொள்ள ஒவ்வோர் ஆள். அவர்கள் எல்லோருக்கும் பின்னால், யாரையும் ஒட்டாமல், தப்பி வரும் பந்தைத் துடைத்தெடுக்க இன்னொருவர். அவர்தான் தாழ்ப்பாள். இம்முறையைக் கைக்கொண்ட இன்டர் அணி 1964, 1965 ஆகிய இரண்டாண்டும் ஐரோப்பியக் கோப்பையையே வென்றது. பிறகு யார் கதவைத் திறப்பார்கள்?

இதற்குப் புள்ளி முறையும் ஒரு காரணம் என்பது என் கருத்து. அக்காலத்தில் வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமனுக்கு ஒன்று. ஆக, ஒரு கோலும் விழாத ஆட்டம் பாதி வெற்றிக்குச் சமம். வெளியூர் போகும் அணி கோல் அடிக்க மெனக்கெடுவானேன்? 1994-95 முதல் இத்தாலியில் வெற்றிக்கு மூன்று புள்ளி என்றானது. சமனின் மதிப்பு பாதியிலிருந்து மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. 2004-இல் அணிகளும் மீண்டும் இருபதாயின. பட்டியலில் எண்கள் மறுபடி ஏறத் தொடங்குவதை அதன்பின் காணலாம்.

அந்த ஏற்றத்தின் உச்சி 36. நோர்டாலின் 35 அறுபத்தாறு ஆண்டுகள் அசையாமல் இருந்தது. 2016 மே 14 அன்று, போட்டியின் கடைசி ஆட்டம். நாப்போலியின் கோன்சாலோ இகுவாயின் 33 கோல்களோடு களமிறங்கினார். சாதனையை எட்ட இரண்டு, முறியடிக்க மூன்று தேவை. அந்த ஒரே ஆட்டத்தில் மூன்றும் அடித்தார். மூன்றாவது, பந்தை மார்பில் வாங்கி, உடலைச் சாய்த்துத் தலைக்கு மேலாகத் திருப்பி அடித்தது. இத்தனைக்கும் நடுவர் காட்டிய சிவப்பு அட்டையால் மூன்று ஆட்டங்களில் அவர் ஆடவே இல்லை. நான்காண்டு கழித்து, லாசியோ அணியின் இம்மொபிலே அதே நேப்பிள்ஸ் அரங்கில், அதேபோல் கடைசி ஆட்டத்தில் தம் முப்பத்தாறாவது கோலை அடித்து அச்சாதனையைச் சமன் செய்தார். அவர் அடித்த முப்பத்தாறில் பதினான்கு பெனால்டி. 'இரண்டும் ஒன்றா?' என்று என் தோழன் கேட்கிறான். விதிப்படி ஒன்றுதான்.

இகுவாயின் 36 அடித்த ஆண்டில் நாப்போலி வாகை சூடவில்லை, இரண்டாமிடம்தான். நோர்டால் 35 அடித்த ஆண்டில் மிலானும் அப்படியே. அடிப்பவன் ஒருவன், கோப்பை வேறொருவனுக்கு என்பது இப்பட்டியலில் அடிக்கடி காணும் காட்சி. இரண்டும் சேர்ந்து வந்தது சிலருக்குத்தான். சார்டினியாத் தீவின் கால்யாரி அணிக்கு ஆடிய ஜீஜி ரீவா அவர்களுள் ஒருவர். 1969-70-இல் அவர் 21 கோல்கள் அடித்தார். அவருடைய அணி முப்பது ஆட்டங்களில் வாங்கியதோ பதினொன்றே பதினொன்று. அத்தீவின் ஒரே வாகை இன்றுவரை அதுதான்.

ஆனால் பட்டியலில் என்னை நிறுத்திவைத்த வரிகள் வேறு இரண்டு.

1995-96. இரு பெயர்கள், ஆளுக்கு 24 கோல்கள். ஒருவர் லாசியோவின் ஜூசெப்பே சிஞ்ஞோரி. ஏற்கனவே இருமுறை வென்றவர். மற்றவர் பாரி அணியின் ஈகோர் புரோட்டி. அந்த ஆண்டு பாரி கடைசி இடங்களில் முடிந்து இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. நாட்டிலேயே அதிக கோல் அடித்தவரை வைத்துக்கொண்டிருந்த அணி, முதற்பிரிவில் நீடிக்க முடியாமல் இறங்கியது! அவர் அடித்தது ஒருபுறம் இருக்க, மறுபுறம் எத்தனை விழுந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

2001-02. மறுபடியும் இரு பெயர்கள், மறுபடியும் ஆளுக்கு 24. ஒருவர் யுவென்டஸ் அணியின் தாவீத் திரெசகே. பிரான்சுக்காக உலகக் கோப்பை வென்றவர். அந்த ஆண்டு அவர் அணியே இத்தாலியின் வாகை. மற்றவர் பியாசென்சா என்ற சிறிய அணியின் தாரியோ ஹூப்னர். வயது முப்பத்தைந்து. படிப்பைப் பாதியில் விட்டு உலோகப் பட்டறையில் வேலை செய்து, கீழ்ப்பிரிவுகளில் ஆடி ஆடி, முப்பதாவது வயதில்தான் சீரி ஏ-யில் முதன்முதலாகக் கால் வைத்தவர். அந்த முதல் ஆட்டம் இன்டர் அணியோடு. பிரேசிலின் ரொனால்டோ இத்தாலியில் தம் முதல் போட்டி ஆட்டத்தை ஆடிய நாளும் அதுவே. அரங்கமே ரொனால்டோவைப் பார்க்க வந்திருக்க, முதல் கோலை அடித்தவர் ஹூப்னர். மூன்றாம் பிரிவு, இரண்டாம் பிரிவு, முதற்பிரிவு மூன்றிலும் அதிக கோல் அடித்தவர் என்ற பெருமை இவருக்கும் புரோட்டிக்கும் உண்டு. இத்தாலி நாட்டு அணிக்கு இவரை ஒருமுறைகூட ஆட அழைக்கவில்லை. என் அண்ணன் வெல்டிங் பட்டறையில் நிற்பவர். அதனாலோ என்னவோ ஹூப்னர்மீது எனக்கு ஒரு தனிப் பற்று.

தேர்வுக்குழு கூடி வழங்கும் விருதாக இருந்தால் புரோட்டிக்கும் ஹூப்னருக்கும் இது கிடைத்திருக்குமா என்பது ஐயமே. இறங்கிப்போன அணிக்காரருக்கு யார் வாக்களிப்பார்கள்? எண்ணிக்கை ஒன்றையே பார்ப்பதால்தான் அவர்கள் பெயர் ஏறியது. இந்த இடத்தில் நின்று பார்த்தபோதுதான் ரோஸ்ஸியின் வரியும் எனக்கு விளங்கியது.

ரோஸ்ஸி மெலிந்த உடலினர். இளமையிலேயே முழங்காலில் அறுவைச் சிகிச்சைகள் செய்துகொண்டவர். யுவென்டஸ் அணி அவரை முதலில் கோமோ என்ற அணிக்கு அனுப்பியது. அங்கே ஆறு ஆட்டங்களில் ஒரு கோலும் இல்லை. அடுத்து 1976-இல் இரண்டாம் பிரிவில் இருந்த விசென்சாவுக்கு அனுப்பியது. அதுவரை ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தவரை நடுவே கொண்டுவந்து நிறுத்தினார் அங்கிருந்த பயிற்சியாளர் ஜோவான் பட்டிஸ்டா ஃபாப்ரி. அந்த ஆண்டே 21 கோல்கள், இரண்டாம் பிரிவின் முதல் கோல்வீரர் ஆனார், விசென்சா மேலேறியது. மறு ஆண்டு முதற்பிரிவில் 24 கோல்கள். தாழ்ப்பாள் இறுக்கமாக விழுந்திருந்த காலத்தில், முப்பது ஆட்டத்தில் 24! புதிதாக ஏறிவந்த விசென்சா, யுவென்டஸுக்கு அடுத்தபடியாக இரண்டாமிடத்தில் முடித்தது.

அப்போது அவர்மீது இரு அணிகளுக்கும் பாதிப் பாதி உரிமை இருந்தது. பேசித் தீராததால், மீதிப் பாதிக்கு என்ன விலை என்பதை ஆளுக்கோர் உறையில் எழுதி ஒட்டிக் கொடுக்க வேண்டும் என்பது அன்றைய முறை. செல்வம் கொழித்த யுவென்டஸின் உறையில் 87 கோடியே 50 லட்சம் லிரா. விசென்சாவின் உறையைப் பிரித்தபோது 261 கோடியே 25 லட்சத்து 10 ஆயிரம் லிரா! தன் ஆட்டக்காரனை விடக்கூடாது என்று சின்ன ஊர் எடுத்த பெருந்துணிச்சல் அது. பலன் கசப்பாகவே முடிந்தது. அடுத்த ஆண்டே, ரோஸ்ஸி 15 கோல்கள் அடித்தும் விசென்சா இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது.

பிறகு 1980-இல் பந்தய மோசடி வழக்கில் அவருக்கு மூன்றாண்டுத் தடை. மேல்முறையீட்டில் அது இரண்டாண்டாகக் குறைந்தது. தாம் குற்றமற்றவர் என்றே அவர் கடைசிவரை கூறினார். 1982-இல் தடை முடிந்து யுவென்டஸுக்காக மூன்றே ஆட்டங்கள் ஆடியவரைப் பயிற்சியாளர் என்சோ பெயர்சோட் உலகக் கோப்பைக்கு அழைத்துச் சென்றார். முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோலும் இல்லை. ஐந்தாவதில் பிரேசிலுக்கு எதிராக மூன்று, அரையிறுதியில் போலந்துக்கு எதிராக இரண்டு, இறுதியில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக ஒன்று. ஆறு கோல்களோடு அந்தக் கோப்பையின் முதல் கோல்வீரரும் அவரே, கோப்பையும் இத்தாலிக்கே.

2020 டிசம்பர் 9 அன்று, 64 வயதில் ரோஸ்ஸி காலமானார். அந்தப் பருவத்திலிருந்தே சீரி ஏ தன் விருதுக்கு அவர் பெயரைச் சூட்டியது. உலகக் கோப்பைக்காகத்தான் சூட்டினார்கள் என்று யாரும் எளிதில் சொல்லிவிடலாம். அது உண்மைதான். ஆனாலும் பட்டியலை வைத்துப் பார்க்கும் எனக்கு, விசென்சாவின் அந்த 24 மட்டுமே இருந்திருந்தாலும் பெயர் பொருத்தமாகத்தான் இருந்திருக்கும் என்று படுகிறது.

அப்பெயரில் முதல் விருதை 2021-இல் பெற்றவர் யுவென்டஸுக்கு ஆடிய போர்ச்சுகல் வீரர் கிறிஸ்டியானோ ரொனால்டோ, 29 கோல்கள். அணியின் 38 ஆட்டங்களால் வகுத்தால் 0.76; ரோஸ்ஸியின் 0.80 முந்துகிறது. ரொனால்டோ களமிறங்கிய 33 ஆட்டங்களால் மட்டும் வகுத்தால் 0.88, ரோஸ்ஸி முப்பதிலும் ஆடியதால் அவருக்கு அதே 0.80. எதனால் வகுப்பது முறை என்பதில் எனக்கும் என் அறைத்தோழனுக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.